பழைய அட்டையும் புதிய கர்னலும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் தொடங்கிய மழை ஹட்டன் நகரத்தை விட்டபாடில்லை. எட்டு மணிக்கெல்லாம் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் இருவர் குடையும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், தம் தமையனார் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா சென்ற கதையை அவர்களில் ஒருவனின் பாட்டியார் சொல்லியிருந்தார். பேரன் அதை ஆறு மணி நேரத்துக்குக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தான். பாட்டியார் இப்போது இல்லை. அந்தக் குரலை எழுத்தாக்கிப் புதன்கிழமைக்குள் வரலாற்றுச் செயற்றிட்டமாக ஒப்படைக்கவேண்டும்.

அதைச் செய்து கொடுப்பது என் புத்தக அலுமாரிக்கு அடியில் கிடக்கும் பழைய கணினி ஒன்று. திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை, இரவு பகல் ஓடிக்கொண்டு, குடும்பப் படங்களையும் பாடக் குறிப்புகளையும் காத்துக்கொண்டிருக்கும் வீட்டுச் சேவையகம் அது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறு ஜிகாபைட் வரைகலை அட்டையொன்று அதற்குள் இருக்கிறது. 2022இல் வெளியான விஸ்பர் என்னும் மென்பொருள் அந்த அட்டையின் பலத்தைக் கொண்டு தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதும். அட்டையில்லாமற் பிரதான செயலியை மாத்திரம் நம்பினால், ஆறு மணி நேரப் பதிவுக்கு ஒரு பகலும் இரவும் போதா.

அன்று அந்த அட்டையைக் கணினி அறிந்துகொள்ளவேயில்லை.

"சேர், நேத்து அந்திக்கு நல்லாத்தானே வேலை செஞ்சிச்சு?" என்றான் பேரன்.

செய்தது உண்மை. ஆனால் நோய் பிடித்த நாள் வேறு, அது தெரிந்த நாள் வேறு. என் சேவையகத்தில் ஓடுவது உபுண்டு 24.04. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே இறக்கிப் பதித்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் உண்டு. பல நாட்களுக்கு முன்பே ஒரு புதிய கர்னல் அவ்வாறு பதிந்திருக்கிறது. கர்னல் என்பது இயங்குதளத்தின் கரு; அதைத் துவக்கும்போதுதான் மாற்ற முடியும். ஆகவே பழையதே ஓடிக்கொண்டிருந்தது. அன்று அதிகாலை மின்சாரம் போய்வந்தது. கணினி மீண்டும் எழுந்தபோது புதிய கர்னலோடு எழுந்தது. அதற்கேற்ற வரைகலை இயக்கி அங்கே இல்லை.

பிழை முழுவதும் என்னுடையதே. புதிய கர்னல் வருந்தோறும் இயக்கியை அதற்கேற்பத் திரும்பக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருந்தது. அப்படிக் கட்டுவதற்குக் கர்னலின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். வட்டில் இடம் மிச்சம் பிடிக்கிறேனென்று அவற்றை நான் நீக்கியிருந்தேன். சிக்கனம் என்று நினைத்துச் செய்த காரியம்!

டிரைவர் என்று நாம் சொல்லும் இயக்கி ஏன் இப்படிக் கர்னலுக்குக் கர்னல் பேதம் பார்க்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நானுஓயாச் சந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து பதுளை செல்லும் பாதையின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். முற்காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரையில் ஓடிய சிறு பாதைக்கோ அகலம் இரண்டடி ஆறங்குலந்தான். இரண்டும் நல்ல பாதைகள், இரண்டிலும் நல்ல வண்டிகள். ஆயினும் ஒன்றின் வண்டி மற்றதில் ஏறாது, பிரயாணிகள் இறங்கித்தான் மாறவேண்டும். இயக்கியின் ஒரு பாதி கர்னலுக்கு உள்ளே ஓடுவது. அது எந்தக் கர்னலின் அளவுக்குக் கட்டப்பட்டதோ அந்தத் தண்டவாளத்தில் மாத்திரமே ஓடும். மறுபாதி கர்னலுக்கு வெளியே, மென்பொருள்கள் அழைக்கும் நூலகங்களாக இருப்பது. இவ்விரு பாதிகளின் பதிப்பெண்களும் ஒன்றாயிருத்தல் வேண்டும். நூலகங்கள் மாத்திரம் புதுப்பிக்கப்பட்டு, பழைய உட்பாதி நினைவகத்தில் இருந்துவிட்டால் 'பதிப்புகள் பொருந்தவில்லை' என்று கணினி கைவிரிக்கும். அந்த நோவு ஒருமுறை அணைத்து ஏற்றினாற் பெரும்பாலும் தீரும்.

லினக்ஸ் கர்னலை ஆக்குவோர் மென்பொருள்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்: நேற்று ஓடியது இன்றும் ஓடும். ஆனால் கர்னலுக்கு உள்ளேயிருக்கும் தண்டவாள அகலத்தை வேண்டியபோது மாற்றுவோம் என்பதும் அவர்கள் மறைக்காத கொள்கை. இதற்கென்றே கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கர்னலின் ஆவணங்களிலேயே இருக்கிறது. கர்னலோடு சேர்ந்து வளரும் இயக்கிகளை அவர்களே உடன் திருத்திவிடுவார்கள். வெளியே நிற்பவை தம் பாட்டைத் தாமே பார்க்கவேண்டும். என்விடியா நிறுவனத்தின் இயக்கி நெடுங்காலமாக வெளியே நிற்பது. 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸின் தந்தையாகிய லைனஸ் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தை ஏசிய ஏச்சைக் குடும்பப் பக்கத்தில் எழுத இயலாது. 2022 மே மாதத்தில் இயக்கியின் உட்பாதியை அந்நிறுவனம் மூலநிரலோடு வெளியிட்டது. ஆனால் அது 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதன் பின்னவற்றுக்குமே உதவும். என்னுடையது அதற்கு முந்திய பாஸ்கல் தலைமுறை.

இதிலே இன்னொரு கண்டமும் இருக்கிறது. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்ட்டா ஆகிய மூன்று தலைமுறைகளுக்கும் 580 என்னும் வரிசையே கடைசி. அதற்கு மேற்பட்ட வரிசைக்கு என் சேவையகம் தெரியாத்தனமாக ஏறிவிட்டால், என் அட்டை வெறுந் தகடு. புதிதாக ஒன்று வாங்கினாலென்ன என்பீர்கள். 2022இல் டொலரொன்று இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு மேலே ஏறியபின், உபாத்தியாயர் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதற்கும் தைரியம் வேண்டும். ஆகையால் பதிப்பைப் பூட்டி வைப்பதை யாரும் சோம்பல் என்று எண்ணவேண்டாம். நம் போன்றோருக்கு அதுவே இருப்பதைக் காக்கும் வழி.

பூட்டுவது எப்படி? முதலில் 'யூநேம் -ஆர்' என்று கேட்டால் கர்னலின் பதிப்பெண்ணும், 'என்விடியா-எஸ்எம்ஐ' என்று கேட்டால் இயக்கியின் பதிப்பெண்ணும் வரும். இரண்டையும் காகிதக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே எழுதி வைப்பது வீட்டுக்குள்ளே சாவியை வைத்துக் கதவைச் சாத்துவது போலாகும். இயக்கியை நிறுவனத்தின் தளத்திலிருந்து தனிக் கோப்பாக இறக்கிப் போடுவதைவிட, உபுண்டு தன் களஞ்சியத்தில் ஒவ்வொரு கர்னலுக்கும் முன்கூட்டியே கட்டி ஒப்பமிட்டுத் தரும் பொதியை எடுப்பது மேல். பின்பு 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' என்ற கட்டளையால் அந்தப் பொதிகளை நிறுத்தி வைக்கவேண்டும். பலர் இயக்கியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கர்னலை அவிழ்த்து விடுகிறார்கள். ஒருமாட்டைக் கட்டி ஒருமாட்டை ஓட்டினால் வண்டி என்னாகும்? கர்னலின் பொதிகளையும், தலைப்புக் கோப்புகளையும், 580 என்று பெயரில் வரும் எல்லாவற்றையும் ஒருங்கே கட்டுதல் வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும் இந்தக் கட்டுக்கு அடங்கும்.

கட்டியது கட்டியபடியே கிடக்கலாமா? கூடாது. கர்னலின் பாதுகாப்புத் திருத்தங்களும் அந்தக் கட்டுக்குள் அகப்பட்டுப்போகின்றன. இணையத்துக்குத் திறந்த கணினியாயின் அது பேரபாயம். நான் தவணை விடுமுறை தோறும் ஒரு நாளைக் குறித்து, கட்டை அவிழ்த்து, இயக்கியையும் கர்னலையும் சேர்த்துப் புதுப்பித்து, கையோடு அணைத்து ஏற்றிப் பார்த்து, மறுபடி கட்டுகிறேன். பழுது வருமாயின் நான் பக்கத்தில் இருக்கும்போதே வரட்டும்.

அந்த நாளிலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம் மலைகளிலே தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது, சில மலைகளில் செடிக்கு ஒரு கிளையை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். புதுத் தளிர் வரும்வரை செடி அந்தக் கிளையால் மூச்சு விடும். தளிர் நிலைத்தபின் அதையும் வெட்டுவார்கள். பழைய கர்னலை அவ்வாறே விட்டுவைக்கவேண்டும். வேண்டாதவற்றை நீக்கும் கட்டளை அதை வாரிக்கொண்டு போகாதிருக்க, 'இது நான் கேட்டுப் பதித்தது' என்று குறியிட வழியுண்டு.

அந்த ஞாயிறன்று எங்களைக் காத்ததும் அந்தக் கிளைதான். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைத் திரையாக இரவல் வாங்கிப் பூட்டி, துவக்கப் பட்டியலில் பழைய கர்னலைத் தெரிவு செய்தோம். அட்டை கண் விழித்தது. மத்தியானச் சோற்றுக்கு முன் பாட்டியாரின் முதல் ஒரு மணி நேரம் எழுத்தாகிவிட்டது.

பேரன் திரையில் வாசித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். தமையனார் கடைசியாகப் பெரட்டுக்களத்தில் நின்றதைப் பாட்டியார் சொல்லுமிடம் அது. தோட்டத்தில் அதிகாலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கும் அந்தக் களத்தை யந்திரம் அறியாது. 'விரட்டுக்களம்' என்று எழுதியிருந்தது.

"திருத்தவா, சேர்?" என்றான்.

"உன் பாட்டி சொன்னதையே போடு" என்றேன். பதிவை மறுபடி ஓடவிட்டு, காதில் வைத்துக் கேட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.