மார்பக அளவு பற்றிய கவலை: மனம் தளராமல் இருக்க எதை அளக்கலாம்?

ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசியில் அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். சாமி படம், குழந்தை படம், இயற்கைக் காட்சி, அழகான பெண் படம் என்று விதவிதமாக இருக்கும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடித்து வளர்ந்த ஊர் அது. தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் பல ஆண்டுகளாகத் தொங்கிய ‘அழகான பெண்’ணின் முகமும் உடல்வாகும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான்.

படத்தில் நிறத்தைக் கூட்டலாம், இடுப்பைக் குறைக்கலாம், மார்பை எடுப்பாக்கலாம். டிசைன் செய்தவருக்கு அது தெரியும். தினமும் அந்தப் படத்தைப் பார்த்தபடி தலை வாருகிற பெண்ணுக்கு அது ஞாபகத்தில் இருப்பதில்லை. சுவர் காலண்டரின் வேலையை இப்போது கையிலிருக்கும் போன் செய்கிறது. ‘இயற்கை முறையில் 30 நாளில் மார்பகம் பெரிதாக’ என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டால் போதும், அதே போல இன்னும் பத்து வந்து நிற்கும்.

விருதுநகரிலோ சாத்தூரிலோ கல்லூரிக்குப் போகும் பெண்ணும் இதைப் பார்க்கிறாள். ஃபயர் ஆபீஸிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வேலை முடிந்து வந்து, தங்கை தூங்கிய பிறகு போனை எடுக்கும் பெண்ணும் பார்க்கிறாள். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத விஷயம். எண்ணெய் மசாஜ், வெந்தயப் பொடி, ஒரு கிரீம், நாலு உடற்பயிற்சி என்று ரகசியமாகத் தொடங்குகிறாள். முதல் வாரம் உற்சாகம். மூன்றாவது வாரம் அளவு நாடாவைப் பார்த்ததும் மனம் விழுந்துவிடுகிறது. ‘நாம்தான் ஒழுங்காகச் செய்யவில்லை போல’ என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாள்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவளுடைய முயற்சியில் குறை இல்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட இலக்கில்தான் குறை.

எது மாறும், எது மாறாது?

மார்பகம் என்பது பால் சுரப்பிகள், பால் குழாய்கள், கொழுப்பு, அவற்றைத் தாங்கும் இணைப்புத் திசுக்கள் ஆகியவற்றால் ஆனது. அதற்குள் பெரிதாக வளர்க்கக்கூடிய தசை இல்லை. அதன் அளவைப் பெரும்பாலும் பரம்பரை, உடல் எடை, ஹார்மோன்கள் ஆகிய மூன்றும்தான் முடிவு செய்கின்றன. பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் வளரத் தொடங்கி, 17, 18 வயதில் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடும். சிலருக்கு இருபதுகளின் தொடக்கம் வரை சிறு மாற்றம் இருக்கும். கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றிலும் அளவு மாறும். இரண்டு பக்கமும் துல்லியமாக ஒரே அளவில் இருப்பது அபூர்வம்.

எண்ணெய் தேய்த்தால் தோல் மென்மையாகும், சுரப்பி வளராது. வெந்தயம் நல்ல உணவுப் பொருள். ஆனால், அது மார்பகத்தைப் பெரிதாக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. அதைக் கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை குறையலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிக அளவு வெந்தயம் நல்லதல்ல. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்று வாங்கும் சில மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் தாவரப் பொருள்கள் இருக்கும். மாதவிடாய் ஒழுங்கையே அவை குழப்பிவிடலாம்.

பிறகு எப்படி ‘எனக்குப் பலன் கிடைத்தது’ என்று சிலர் சொல்கிறார்கள்? மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் ஹார்மோன் மாற்றத்தால் மார்பகம் லேசாக வீங்கிக் கனமாவது இயல்பு. கிரீம் தடவத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் அந்த நாள்கள் வந்தால், அளவு கூடியது போலத் தெரியும். மாதவிடாய் முடிந்ததும் வீக்கம் வடிந்துவிடும். உடனே ‘கிரீமை நிறுத்தக் கூடாது’ என்று அடுத்த டப்பா வாங்குவார்கள். ஒவ்வொரு மாதமும் இந்த ஏற்ற இறக்கத்தில் பணமும் போகிறது, மனசும் சோர்கிறது.

சட்டம் அன்றே சொன்னது

இது இன்றைய வியாபாரம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1960, 70களில் ‘மார்க் ஈடன்’ என்ற மார்பு வளர்க்கும் கருவி பத்திரிகை விளம்பரங்கள் மூலம் தபாலில் விற்கப்பட்டது. இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். தபால் மோசடி என்று அந்நாட்டு அரசு விடாமல் துரத்தியதில், 1981ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள் விற்றவர்கள்.

நம் நாட்டில் 1954லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. எந்தெந்தப் பிரச்னைகளுக்கு மருந்து இருப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. புற்றுநோய், சர்க்கரை நோய், வலிப்பு ஆகியவற்றோடு பெண்களின் மார்பக வடிவமும் அமைப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருடம் வரை சிறை.

அதாவது, ‘இந்த மருந்து மார்பகத்தைப் பெரிதாக்கும்’ என்ற விளம்பரமே இங்கே சட்ட விரோதம். அப்படிப்பட்ட பொருளை வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும் புகார் கொடுக்கலாம்.

ஸ்டான்லி மருத்துவமனை காட்டிய மறுபக்கம்

அதற்காக, இந்த வருத்தமே வெட்டி வருத்தம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மார்பக அறுவை சிகிச்சைகளை இலவசமாகச் செய்யும் கிளினிக் தொடங்கப்பட்டது. அளவு, வடிவம் தொடர்பான அழகு சிகிச்சையும் அதில் அடக்கம். வசதி இல்லாதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கர் வாதிட்டார். உயிர் காக்கும் சிகிச்சைகள் எத்தனையோ இருக்க, அரசுப் பணத்தை இதற்குச் செலவழிப்பதா என்று எதிர்ப்பும் கிளம்பியது. உலகப் பத்திரிகைகள் வரை அந்தச் செய்தி போனது.

அந்தச் சர்ச்சையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அப்படிப்பட்ட பிரிவுகளுக்குப் புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்கள் வருகிறார்கள். மார்பகம் மிகப் பெரிதாக இருப்பதால் கழுத்து வலி, முதுகு வலியோடு, குறைக்கச் சொல்லியும் பெண்கள் வருகிறார்கள். சிறிதாக இருப்பவளைக் கேலி செய்யும் அதே தெரு, பெரிதாக இருப்பவளை முறைத்துப் பார்க்கிறது. எந்த அளவுக்கு வந்து சேர்ந்தாலும் ஊர்வாய் மூடப்போவதில்லை.

உற்சாகம் எங்கிருந்து வரும்?

மாறாத ஒன்றைத் தினமும் அளந்தால் எப்பேர்ப்பட்ட மனஉறுதியும் கரைந்துவிடும். மாறக்கூடியதை அளந்தால் உற்சாகம் தானாக வரும்.

முதலில் உட்காரும் விதம். தரையில் குனிந்து உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டுவது, பெட்டி ஒட்டுவது, மணிக்கணக்கில் போன் பார்ப்பது எல்லாமே தோள்களை முன்னால் வளைத்துவிடும். மார்பு உள்ளே ஒடுங்கியது போலத் தெரியும். மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து ஐந்து நொடி பிடித்து விடலாம். சில வாரங்களில் தோற்றம் மாறுவதைப் பக்கத்தில் இருப்பவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது, வலிமை. மார்பகத்துக்குப் பின்னால் இருக்கும் மார்புத் தசையைப் பயிற்சியால் பலப்படுத்த முடியும். அளவு நாடாவில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால், நிற்கும் நிமிர்வும் தோளின் உறுதியும் கூடும். ஜிம் தேவையில்லை. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளைப் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். 8 முதல் 10 முறை, வாரத்தில் 2 அல்லது 3 நாள் போதும். அது சுலபமானதும் கட்டில் விளிம்பைப் பிடித்துச் செய்யலாம், பிறகு தரையில் முழங்காலிட்டு. காலண்டர் தேதிக் கட்டத்தில் அன்றைய எண்ணிக்கையைக் குறித்து வைத்தால், எட்டு வாரம் கழித்து அந்தக் கட்டங்களே சாட்சி சொல்லும்.

மூன்றாவது, சாப்பாடு. உயரத்துக்கேற்ற எடை இல்லாத பெண்ணுக்கு உடம்பு முழுக்கவே கொழுப்பு குறைவாக இருக்கும், மார்பகத்திலும்தான். எடை சரியான அளவுக்கு வரும்போது அங்கேயும் சிறிது மாற்றம் வரலாம். எவ்வளவு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முட்டை, நிலக்கடலை, கொண்டைக்கடலை, பருப்பு, கம்பு, கேப்பை, கீரை என்று ஊரில் கிடைப்பதே போதும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ‘உற்சாகமே வரவில்லை’ என்று சொல்லும் பலருக்கு அடிப்படைக் காரணம் அதுவாகவே இருக்கலாம். கிரீமுக்குச் செலவழிக்கும் முன் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நான்காவது, சரியான பிரா. மார்பகத்துக்குக் கீழே சுற்றளவு ஓர் அளவு, மார்பின் எடுப்பான பகுதியில் சுற்றளவு இன்னோர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலம் என்றால் ஏ கப், இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அம்மா வாங்கிக் கொடுத்த அளவையே பத்து வருடம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை பார்த்தால், சுடிதாரோ பிளவுஸோ பொருந்தும் விதமே மாறிப்போகும். அளவு நாடாவுக்கு உருப்படியான வேலை இதுதான்.

வீட்டுப் பேச்சுக்கு ஒரு பதில்

பல பெண்களின் மனத்தை உடைப்பது கண்ணாடி இல்லை, உறவுக்காரர்களின் வாய். ‘பலகை மாதிரி இருக்கா, நாளைக்குப் பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பா?’ என்று ஒரு சித்தியோ அத்தையோ சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவார். அதற்கு மருத்துவ ரீதியாகவே பதில் இருக்கிறது. மார்பகத்தின் பருமனைப் பெரும்பாலும் கொழுப்புதான் தீர்மானிக்கிறது. பாலைச் சுரப்பது சுரப்பிகள். குழந்தை எவ்வளவு அடிக்கடி குடிக்கிறதோ அதற்கேற்பப் பால் ஊறும். சிறிய மார்பகம் உள்ள தாய்மார்கள் தாராளமாகப் பால் கொடுக்கிறார்கள். இதை அம்மாவோ அக்காவோ அந்த இடத்திலேயே சொல்லிவிட்டால், அந்தப் பெண் ராத்திரி போனில் தேட வேண்டியிருக்காது.

பெண் பார்க்க வரும் நாளைக் கெடுவாக வைத்து ‘அதற்குள் இரண்டு அங்குலம்’ என்று தொடங்கும் முயற்சிதான் சீக்கிரம் நொறுங்குகிறது. அந்தக் கெடுவை எடுத்துவிட்டாலே பாதிப் பாரம் இறங்கும். ஒப்பிட வைக்கும் பக்கங்களைப் போனில் ‘அன்ஃபாலோ’ செய்வதும், தோழி ஒருத்தியைப் பயிற்சிக்குக் கூட்டுச் சேர்த்துக்கொள்வதும் மீதிக்கு உதவும்.

எப்போது டாக்டர்?

13 வயதாகியும் மார்பக வளர்ச்சியே தொடங்காவிட்டால், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போனால், இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டி, தோலில் குழிவு, காம்பில் ரத்தக் கசிவு தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோய்க்குப் பெரிய மார்பகம், சிறிய மார்பகம் என்ற பேதம் கிடையாது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இதற்காக மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

உடம்பைப் பற்றிய வெறுப்பு சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

மார்பகத்தின் மேல் அக்கறை வேண்டும். மாதவிடாய் முடிந்த சில நாள்களில் மாதம் ஒருமுறை அதைக் கவனித்து, தனக்கு எது இயல்பு என்று தெரிந்து வைத்திருக்கும் பெண், எந்தக் கிரீம் விளம்பரமும் தர முடியாத பாதுகாப்பைத் தனக்குத் தானே தந்துகொள்கிறாள்.