கட்டைவிரலும் உழைக்கிறது

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலம் நம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். லோயர், ஹையர் என்று பரீட்சை. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பத்து விரலுக்கும் வேலை பங்கிட வேண்டும். மணிக்கட்டு தொய்ந்தால் மாஸ்டரின் ஸ்கேல் வந்து தட்டும். எழுத்தடிப்பது உழைப்பு, அதற்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1999-ல் சென்னை மாநாட்டில் முடிவான ‘தமிழ் 99’ விசைப்பலகையிலும் அதே அக்கறை: உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு.

இன்று அத்தனையும் ஒரு கட்டைவிரலின் தலையில். அடையாறு டிப்போவில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கவனியுங்கள். ஒரு கையில் பை, மறுகையில் போன். நான்கு விரல் போனைத் தாங்க, ஐந்தாவது ஓயாமல் மேலும் கீழும் ஓடுகிறது.

கட்டைவிரலை விரிக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. சதா இழுபட்டால் உறை தடிக்கிறது. பூட்டைத் திறக்க, துணி பிழிய, குழந்தையைத் தூக்க, வலி சுரீரென்கிறது. 1895-ல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வேன் பெயரே நோய்க்கும். ‘வண்ணார் சுளுக்கு’ என்று மேலைநாட்டில் ஒரு பழைய பெயரும் உண்டு. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் கடுமையாக வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 1893-ல் பம்பாயில் பிறந்து பிறகு மயிலாப்பூர்வாசியாகிவிட்ட அமிர்தாஞ்சனை எடுக்கத்தான் நமக்குக் கை போகும்; ஆனால் எந்தத் தைலமும் தடித்த உறையை இளக்காது. ஓய்வும் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டையும்தான் முதல் வைத்தியம். பிறகு ஊசி, அறுவை அபூர்வம்.

2014-ல் ‘லான்செட்’ இதழ் ஒரு ஸ்பெயின் பெண்ணின் கதையை வெளியிட்டது. 130 கிராம் போனில் ஆறு மணி நேரம் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்குப் பதில் அனுப்பியவர், மறுநாள் இரண்டு மணிக்கட்டிலும் வலியோடு எழுந்தார். அவரே ஒரு டாக்டர். வாழ்த்துச் சொல்பவர் போனைக் கீழே வைத்துவிடலாம். குரலில் பேசி எழுத வைக்கலாம். உஸ்மான் சாலை நெரிசலில் உணவுப் பையோடு நிற்கும் இளைஞர் என்ன செய்வார்? ஆர்டரை ஏற்க, வழி பார்க்க, ‘வந்துட்டேன் சார்’ சொல்ல, பணம் வந்ததா என்று பார்க்க, எல்லாம் அந்தத் திரைதான். மிச்ச நேரமெல்லாம் அதே கை ஆக்ஸிலேட்டரில்.

தந்தி அடித்தவர்களின் கைப்பிடிப்பை 1908-லேயே இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்றது பிரிட்டன். போன் பொழுதுபோக்குச் சாமான் என்ற நினைப்பில் நாம் இன்னும் இருக்கிறோம். அந்த உணவுப் பை இளைஞரைப் போல செயலி வழியே உழைப்பவர்களுக்கென்று தமிழக அரசு 2023-ல் நல வாரியம் அமைத்தது பாராட்டத்தக்கது. அந்த வாரியம் நடத்தும் மருத்துவப் பரிசோதனை எதுவானாலும் அதில் மணிக்கட்டும் கட்டைவிரலும் இடம்பெற வேண்டும். கை முடங்கும் வாரங்களுக்கு உதவித்தொகையும் வேண்டும். தொழிலாளர் நலத்துறை அமைச்சர் இதைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.