தற்செயற் கோலா?

வறிய நாட்டான் ஒருவனின் திறமைக்குச் செல்வந்த உலகம் சூட்டும் பெயர்களுள் 'தற்செயல்' என்பதும் ஒன்று. 1950ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி, பிறேசிலின் பெலோ ஹொறிசொன்ரே நகரில் நடைபெற்ற உலகக்கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் ஐக்கிய அமெரிக்கா இங்கிலாந்தை 1–0 என வென்றது. அந்த ஒரேயொரு கோலைப் போட்டவர் ஹெயிற்றியைச் சேர்ந்த ஜோ கேற்ஜென்ஸ். அவர் பந்தைத் தலையால் அடிக்கவில்லை, பந்துதான் அவர் தலையில் அடித்தது என்ற கதை அன்று தொட்டு நிலவி வருகிறது. உதைபந்தாட்ட வரலாறு எழுதுவோரும் 'அதிசயம்' என்ற ஒரு சொல்லோடு கடந்து சென்றுவிடுகின்றனர்.

நடந்ததை நோக்குவோம். 38ஆவது நிமிடத்தில் வோல்ரர் பார் தொலைவிலிருந்து உதைத்த பந்தைத் தடுக்க இங்கிலாந்தின் கோல்காப்பாளர் பேர்ட் வில்லியம்ஸ் ஒரு பக்கமாக நகர்ந்தார். அக்கணத்தில் முன்னே பாய்ந்து, தலையைக் கொடுத்துப் பந்தின் திசையை மாற்றினார் கேற்ஜென்ஸ். பாயாதவன் தலையிற் பந்து படுவதில்லை. மேலும், 1949–50 பருவத்தில் நியூயோர்க்கின் புறூக்கற்றன் கழகத்திற்காக 18 கோல்கள் போட்டு, அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கில் முதலிடம் பெற்றவர் இவரே. அந்தப் பதினெட்டும் தற்செயலோ?

கேற்ஜென்ஸ் 1924இல் போட்-ஓ-பிறின்ஸ் நகரிற் பிறந்தவர். 1947இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கணக்கியல் பயில நியூயோர்க் சென்றார். படிப்புச் செலவிற்காக உணவகமொன்றிற் கோப்பை கழுவினார். அமெரிக்கப் பிரஜையாக அவர் ஒருபோதும் ஆனதில்லை. பிரஜையாகும் எண்ணமுண்டு என்ற அறிவித்தல் ஒன்றே அணியிற் சேரப் போதுமானதாயிற்று. அன்றைய அணித்தலைவர் மக்கில்வெனி ஸ்கொத்லாந்தர். பின்வரிசையில் நின்ற மாக்கா பெல்ஜியத்தவர். இவர்கள் யாவரும் அந்த ஆட்டத்தில் அமெரிக்கர். அந்நாட்டிற்காகக் கேற்ஜென்ஸ் ஆடியவை மூன்றே சர்வதேச ஆட்டங்கள். மூன்றும் அந்த உலகக்கிண்ணத்திலேயே நடந்தவை.

குடிபெயர்ந்தவனுக்கு அமெரிக்கா வாய்ப்பளித்ததல்லவா என்று வினவுவார் உளர். அவ்வாய்ப்பின் அளவு என்ன? ஆட்டம் முடிந்ததும் அவரைத் தோளிற் சுமந்தவர்கள் பிறேசில் மக்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் பெரும்பாலும் அச்செய்தியைப் பொருட்படுத்தவேயில்லை. அவர் பிரான்சுக்குச் சென்று பாரிஸ் றேசிங், அலெஸ் ஆகிய கழகங்களுக்கு ஆடிவிட்டுத் தாயகம் திரும்பினார். 1953இல் உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் ஹெயிற்றியின் சீருடையையும் அணிந்தார். பின்னர் உடுப்புச் சலவை நிலையமொன்றை நடத்தி வாழ்ந்தார்.

'அதிசய'க் கதை சொல்வோர் நிறுத்திக்கொள்ளும் இடம் இதுவே. நிறுத்தாது தொடர்ந்தால் அமெரிக்காவும் கதைக்குள் வந்துவிடும். 1915 முதல் 1934 வரை ஹெயிற்றியை ஆயுதபலத்தால் ஆக்கிரமித்திருந்த நாடு அது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரான்சுவா டுவாலியே ஆட்சிக்கு வந்தார். அவரது இராணுவத்திற்குப் பயிற்சியளிக்க 1959இல் அமெரிக்கக் கடற்படைக் குழுவொன்று சென்றது. 1963இல் அது வெளியேறியது உண்மையே. ஆயினும் அதற்குள் டுவாலியே காலூன்றிவிட்டார்.

கேற்ஜென்ஸின் குடும்பத்தினர் அத்தேர்தலிற் டுவாலியேயை எதிர்த்துப் போட்டியிட்ட லூயி டெஜுவாவை ஆதரித்தவர்கள். சகோதரர்கள் ஆட்சிக்கு எதிராக நின்றனர். ஜோ அரசியலில் ஈடுபாடு காட்டியவரல்லர். விளையாட்டு வேறு, அரசியல் வேறு என மேடைதோறும் முழங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1964 ஜூனில் டுவாலியே ஆயுட்கால ஜனாதிபதியானார். மறுமாதம், ஜூலை 8ஆம் திகதி, ரொன்ரன் மக்கூத் எனும் அவரது கூலிப்படையினர் கேற்ஜென்ஸைப் பிடித்துச் சென்றனர். டிமான்ஷ் கோட்டைச் சிறைக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். அதன்பின் குடும்பத்தினர் அவரைக் காணவில்லை.

2005இல் அமெரிக்காவில் அவ்வெற்றி பற்றித் திரைப்படமொன்று வெளிவந்தது. கத்தோலிக்கரான கேற்ஜென்ஸை அது வூடூச் சடங்குகளில் நம்பிக்கை கொண்டவராகக் காட்டிற்று. ஹெயிற்றியன் என்றால் மந்திரம் வேண்டும் போலும்! முன்னர் தற்செயல், பின்னர் மாயம்; உழைத்துப் பெற்ற ஆற்றல் என்று கூற மட்டும் நா எழவில்லை.

1976இல் அமெரிக்காவின் தேசிய உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் பிடித்துச் செல்லப்பட்டு அப்பொழுது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உடல் அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை.