சிறுநீரில் ரத்தமா? கால்சியத்தையும் அளந்து பாருங்கள்

ஷார்ஜா எல்லையை ஒட்டிய துபாய்ப் பகுதியான அல் குசைஸில், பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள் பலருடைய பையில் தண்ணீர் பாட்டில் பாதிகூடக் குறையாமல் திரும்பி வருகிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களிலும் இதே நிலைதான். எகிப்து, சவூதி, அமீரகம், ஈரான் தொடங்கி இந்தியா, பிலிப்பைன்ஸ் வரை நீளும் நிலப்பரப்பை, சிறுநீரகக் கல் அதிகம் காணப்படும் பகுதியாக மருத்துவ உலகம் நெடுங்காலமாகக் குறித்து வருகிறது.

குழந்தையின் சிறுநீர் சிவந்தால் வீட்டில் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது கிருமித் தொற்றைத்தான். அது நியாயமான சந்தேகமே. ஆனால் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. பீட்ரூட்டும் சில மருந்துகளும்கூடச் சிறுநீரைச் சிவக்க வைக்கும் என்பதால், ரத்த அணுக்கள் இருப்பதை நுண்ணோக்கியில் உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வளர்சிதை மாற்றம். சிறுநீரில் கால்சியமோ யூரிக் அமிலமோ அளவுக்கு மீறி வெளியேறினால் நுண்படிகங்கள் உருவாகிச் சிறுநீர்ப் பாதையை உறுத்தலாம். ஸ்கேனில் கல் தெரியாத நிலையிலும் ரத்தம் கசியும்.

இதைக் கண்டறிவது கடினமல்ல. ஒருமுறை எடுத்த சிறுநீரிலேயே கால்சியம், கிரியாட்டினின் விகிதத்தைப் பார்க்கலாம். பள்ளி வயதில் அது 0.2-ஐத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரில், உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருந்தால் அது அதிகம்.

கால்சியம் என்றதும் பாலை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. அது தவறு; வளரும் எலும்புக்குப் பால் தேவை. குறைக்க வேண்டியது உப்பைத்தான். சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். சிப்ஸ், நூடுல்ஸ், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வளைகுடாவில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதால் பலரும் சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவை மீறினால் அதுவும் கால்சியத்தை ஏற்றிவிடும்.

சிஸ்டின் கல், ஆக்சலேட் மிகைநோய் போன்றவை அரிதானவை, பரம்பரையாக வருபவை. பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணந்தவர்கள் என்றால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்குக் கல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முகவீக்கம், காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் குறைவு, அடிபட்ட காயம் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி, அடுத்த ஆன்டிபயாடிக் சீட்டை வாங்கும் முன், “சிறுநீரில் கால்சியம் பார்த்தீர்களா, டாக்டர்?” என்று கேளுங்கள். வகுப்பு நேரத்திலும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் பள்ளிகள் தடை சொல்லக் கூடாது.