பழைய கிட்டாருக்கு பாலிஷ் போடாதீங்க

1/ நண்பர் ஒருத்தர், மறைந்த அப்பாவோட மார்ட்டின் டி-28 கிட்டாரை விற்கப் போறார். "பாலிஷ் போட்டுப் புதுசாக்கிட்டா நல்ல விலை வரும்ல டாக்டர்?"னு கேட்டார். தயவுசெஞ்சு வேண்டாம்னேன்.

2/ முதல்ல பரிசோதனை, அப்புறம்தான் வைத்தியம். ஒலித்துளைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. கழுத்து சேர்ற உள்கட்டையில சீரியல் எண் குத்தியிருக்கும். 1898-ல் 8000-ல ஆரம்பிச்ச வரிசை அது. எண் தெரிஞ்சா வருஷம் தெரியும்.

3/ வருஷம் ஏன் முக்கியம்? 1969 வரைக்கும் டி-28-ன் பின்பக்கமும் பக்கவாட்டும் பிரேசில் ரோஸ்வுட். அதுக்கப்புறம் இந்திய ரோஸ்வுட், அதாவது நம்ம ஈட்டி மரம். சந்தையில பிரேசில் மரத்துக்குத்தான் விலை அதிகம். ஆனா 1992-லிருந்து அதுக்கு சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கு. அனுமதி இல்லாம வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

4/ அடுத்தது, எதெல்லாம் ஒரிஜினல்? முறுக்காணி, பிரிட்ஜ், மேல்பூச்சு. பூச்சைச் சுரண்டிப் புதுசா அடிச்சா விலை கிட்டத்தட்ட பாதியாயிடும்னு வியாபாரிகளே சொல்வாங்க. பழைய முறுக்காணியைக் கழட்டினாலும் தூக்கிப் போடாதீங்க.

5/ விளம்பரத்துல கேட்கிற விலையை நம்பாதீங்க. அதே வருஷ கிட்டார் உண்மையில என்ன விலைக்குப் போச்சுன்னு பாருங்க.

6/ அப்பா விரல் பட்டுத் தேய்ஞ்ச இடம் குறை இல்லைங்க. அதை அழிச்சிட்டா திரும்ப வராது.