முதலில் ரத்த அழுத்தம், பிறகு ரசீது

2025 மார்ச் இறுதி. புனேயின் தீனாநாத் மங்கேஷ்கர் மருத்துவமனைக்கு இரட்டைக் கருவைச் சுமந்த ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் வந்தார். பத்து லட்ச ரூபாய் முன்பணம் கேட்டார்கள் என்பது குடும்பத்தினரின் குற்றச்சாட்டு. பிரசவம் வேறோர் இடத்தில் நடந்தது. குழந்தைகள் பிழைத்தன, தாய் இறந்தார். அவசர சிகிச்சைக்கு வருவோரிடம் இனி முன்பணம் வாங்குவதில்லை என்று நிர்வாகம் பின்னர் அறிவித்தது.

நல்ல முடிவுதான். ஆனால், வந்தவர் அவசர நோயாளியா என்பதை வாசலில் முடிவு செய்வது யார்? பணம் வாங்கும் ஊழியரா, செவிலியரா?

கர்ப்பிணி உள்ளே நுழைந்ததும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 160/110 என்றால் ஒரு நிமிடமும் காக்க வைக்கக் கூடாது. ரத்தப்போக்கு, வலிப்பு, மங்கலான பார்வை, குழந்தையின் அசைவு குறைவது எல்லாமே அப்படித்தான். மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் மத்திய அரசின் கர்ப்பிணிகள் பரிசோதனை முகாமில், ஆபத்து அதிகமுள்ளவரின் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகும் வரிசையில் நிற்கச் சொன்னால், ஒட்டியதில் என்ன பயன்?

உதாரணமாக, ஹடப்சர் பகுதி புனே நகரின் கிழக்கே, சோலாப்பூர் சாலை நெரிசலில் இருக்கிறது. இங்கிருந்து கிளம்பும் கர்ப்பிணியை ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்பினால், அடுத்ததைத் தேடுவதற்குள் உயிர் ஊசலாடும்.

உயிர் காப்பதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. புனே மாநகராட்சி ஒவ்வொரு மகப்பேறு மருத்துவமனையின் வாசலிலும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இரவும் பகலும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.