பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களா? முதலில் சுவரைப் பாருங்க!

மார்கழி பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் பெயின்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. போகிக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். கலருக்காக வீட்டில் பத்து நாள் பஞ்சாயத்து நடந்திருக்கும். ஆனால், 'மேட்டா, சாட்டினா, கிளாஸா?' என்று கடைக்காரர் கேட்டால், 'நல்லா துடைக்கிற மாதிரி குடுங்க' என்று ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். டெல்டாவில் பல சுவர்கள் உரியத் தொடங்குவது அந்தப் பதிலில்தான்.

பளபளப்பு கூடக்கூட கறையைத் துடைப்பது சுலபம். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறுவது கஷ்டம். புது கான்கிரீட் வீட்டில் இது பெரிய பிரச்னை இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய வீடுகளில்தான் வம்பு. வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊர். தரையிலிருந்து ஓதம் சுவரில் இரண்டு, மூன்று அடி வரை ஏறும். வெள்ளையடித்த காலத்தில் அந்த ஈரம் சுண்ணாம்பு வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். அதன் மேல் எனாமலைப் பூசினால் வழி அடைபட்டு, கொப்புளம் கிளம்பும். உப்புப் பூத்து, பெயின்ட் பட்டை பட்டையாகக் கழன்று விழும். சுண்ணாம்பைக் குறைவாக எடைபோட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்த சோழர் ஓவியங்கள், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் இத்தனை நூற்றாண்டு தாங்கி நின்றது சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான்.

கூடத்தில்தான் உண்மையான தலைவலி. தாத்தா சாய்ந்து உட்காரும் இடத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை படியும். அதற்காகவே கீழே மூன்று, நான்கு அடிக்கு ஆயில் பெயின்ட் அடிக்கும் வழக்கம் வந்தது. ஓதம் ஏறுவதும் அதே உயரம்தானே!

அதனால், வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஓர் அடி சதுர பாலிதீன் தாளைச் சுவரின் கீழ்ப்பகுதியில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. அங்கே சுண்ணாம்பே போதும். கறை படியாமல் இருக்கத் தாத்தாவுக்குப் பின்னால் ஒரு பலகையைச் சாய்த்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டிவிட்டே அடிக்க வேண்டும். தாள் உலர்ந்தே இருந்தால் தாராளமாக சாட்டின் அடிக்கலாம்.

முற்றம் வைத்த வீடுகளுக்கு இன்னொரு விஷயம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் சுவரில் கிளாஸ் அடித்தால், கையால் பூசிய காரையின் மேடு பள்ளமெல்லாம் அப்படியே தெரியும். மேட் அதை மறைத்துவிடும். படுக்கையறைக்கும் கூரைக்கும் மேட் போதும். அடுக்களையில் தாளிப்புப் புகை படியும் சுவருக்கு செமி கிளாஸ். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் இருந்தால் இன்னும் நிம்மதி. குளியலறைக்கும் செமி கிளாஸ்தான், ஆனால் ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் எந்தப் பெயின்டிலும் பூஞ்சை வரும். நெல் மூட்டை அடுக்கும் அறைக்குச் சுண்ணாம்பை விட்டுவிடாதீர்கள். அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது.

கதவு, ஜன்னலுக்கு எனாமல்தான் சரி. ஆனால் பழைய பெயின்டைச் சுரண்டும்போது குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது.

கடைசியாக, பொங்கல் அவசரம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் மார்கழிப் பனியில் எப்படிக் காயும்? இந்தப் போகிக்கு வாசலிலும் திண்ணையிலும் சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை போட்டுவிடுங்கள். சுண்ணாம்புக்கு ஈரம் பகையில்லை, சுவரை நனைத்துவிட்டுத்தானே அடிக்கிறோம்! உள்ளறைகளை மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். சுவர் காய்ந்திருக்கும், சம்பா அறுப்பு முடிந்து கையில் காசும் இருக்கும், பெயின்டரும் கூப்பிட்டவுடன் வருவார்.